ஜனவரியில் கோல்ப் விடுமுறை: ஹூவா ஹின்னா, மொரீஷியஸா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கனடாவிலுள்ள மைத்துனர் தைப்பொங்கலுக்குக் கொழும்புக்கு வருகிறார். பொங்கல் முடிந்த கையோடு இரண்டு குடும்பமுமாக ஏழு நாள், வெயிலடிக்கும் இடம் ஒன்றுக்குப் போய்க் கோல்ப் ஆட வேண்டும். மைத்துனரின் ஹென்டிகெப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண், குறையக் குறையத் திறமை கூட) 12, தம்பியினுடையது 24. மனைவிமார் இருவரும் ஆடுவதில்லை. எழுபது வயதைத் தாண்டிய அம்மாவும் கூட வருகிறார், அவர் சைவம். தாய்லாந்தின் ஹூவா ஹின்னுக்குப் போகலாம் என்று ஆண்களும், மொரீஷியஸுக்குப் போகலாம் என்று அம்மாவும் மனைவிமாரும் சொல்கிறார்கள். எது நல்லது என்பது கேள்வி.

தம்பி, ஜனவரி என்றால் ஹூவா ஹின்தான். நீங்கள் மே மாதம் என்றோ செப்டெம்பர் கடைசி என்றோ எழுதியிருந்தால் மொரீஷியஸ் என்று சொல்லியிருப்பேன். இரண்டு இடத்தையும் நன்றாகத் தெரிந்துகொண்டுதான் சொல்கிறேன். பொரளை ரிட்ஜ்வே மைதானத்தில் முப்பது வருடமாக ஆடுகிறேன். ஹூவா ஹின்னுக்கு ஐந்து தடவையும் மொரீஷியஸுக்கு இரண்டு தடவையும் போயிருக்கிறேன். மைதானங்களின் படங்களைப் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்த்தால் மொரீஷியஸ்தான் வெல்லும். நீலக் கடல், கரும்பாறை, அதற்கு நடுவே பச்சைக் கம்பளம். ஆனால் படத்தைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் ஒரு கணக்கை விட்டுவிடுகிறார்கள். இந்தப் பயணத்தில் உங்களுக்கு எத்தனை காலை கிடைக்கும் என்ற கணக்கு அது.

வெப்ப நாட்டில் கோல்ப் ஆடுகிறவனுக்கு நாள் என்பது காலைதான். இது கொழும்பில் ஆடும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆறரைக்கு முதல் பந்தை அடித்தால் பத்தரைக்குள் பதினெட்டுக் குழியும் முடியும். ஒன்பதுக்குத் தொடங்கினால் கடைசி ஐந்து குழியில் பந்தைப் பற்றிய நினைவு போய்த் தண்ணீரைப் பற்றிய நினைவுதான் இருக்கும். ஆகவே ஏழு நாள் விடுமுறை என்று சொல்லாதீர்கள். எத்தனை நாள் விடியும்போது நீங்கள் அங்கே, தூங்கி எழுந்த உடம்போடு, மழையில்லாத வானத்தின் கீழ் நிற்பீர்கள் என்று எண்ணுங்கள்.

ஹூவா ஹின்னுக்கு எண்ணிப் பார்ப்போம். கொழும்பிலிருந்து பாங்கொக்குக்கு நேரடி விமானம் மூன்றரை மணித்தியாலம். இரவில் ஏறி விடியும்போது இறங்கும் விமானத்தை எடுத்தால் அன்று மதியமே ஹூவா ஹின்னில் இருப்பீர்கள். பாங்கொக்கிலிருந்து சுமார் 200 கிலோமீற்றர். ஐந்து பேருக்கும் இரண்டு கோல்ப் பைக்கும் ஒரு வான் பேசிக்கொண்டால் மூன்று மணித்தியாலம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வெள்ளி பின்னேரம் அந்தப் பாதையில் போகாதீர்கள். வார இறுதிக்குக் கடற்கரைக்குப் போகும் பாங்கொக் நகரமே அப்போது அந்தத் தெருவில் நிற்கும். திங்கள் அல்லது செவ்வாய் காலை இறங்குவது போலப் பாருங்கள். அப்படிச் செய்தால் ஏழு நாளில் ஐந்து முழுக் காலை கிடைக்கும்.

மொரீஷியஸுக்கு நான் போன இரண்டு தடவையும் இடையில் விமானம் மாறித்தான் போனேன், ஒரு தடவை டுபாய் வழியாக, மற்றத் தடவை மும்பை வழியாக. வரைபடத்தில் பார்த்தால் நமக்குத் தென்மேற்கே, அதே இந்து சமுத்திரத்தில் இருக்கும் தீவு. ஆனால் டுபாய் வழியே போனால் ஐந்து மணித்தியாலம் வடமேற்கே பறந்து, விமான நிலையத்தில் காத்திருந்து, பிறகு ஆறரை மணித்தியாலம் தெற்கே திரும்பி வர வேண்டும். எழுபது வயது அம்மாவை வைத்துக்கொண்டு இது ஒரு முழு நாள். திரும்பி வர இன்னொரு நாள். இறங்கிய மறுநாள் காலை யாரும் ஒழுங்காக ஆடுவதில்லை. ஏழில் மிஞ்சுவது நான்கு காலை. அந்த நான்கையும் ஜனவரி மாதத்திடம் கொடுக்கிறீர்கள் என்பதுதான் என் கவலை.

ஜனவரி அங்கே கோடைகாலம், சூறாவளிக் காலம். நவெம்பர் தொடங்கி மே நடுப்பகுதி வரை நீளும் அந்தக் காலத்தில் ஜனவரி, பெப்ரவரி, மார்ச் மாதங்கள்தான் கனமானவை. எல்லா வருடமும் சூறாவளி தீவைத் தாக்குவதில்லை. பல வருடங்களில் தூரத்தால் போய்விடும். ஆனால் தூரத்தால் போகும் சூறாவளியும் மூன்று நாள் மழையைக் கொண்டுவந்து கொட்டும். 2024 ஜனவரி 15 அன்று, நாம் இங்கே பொங்கல் பானை வைத்த அதே நாளில், பெலால் சூறாவளி அந்தப் பக்கம் போனது. தலைநகரம் போர்ட் லூயியின் தெருக்களில் வெள்ளத்தில் கார்கள் மிதந்தன. அங்கே எச்சரிக்கை ஒன்று முதல் நான்கு வரை படிப்படியாக ஏறும். அன்று நான்கு வரை போனது. மூன்றாம் படி வந்துவிட்டால் கடை, பஸ், அலுவலகம் எல்லாம் நின்றுவிடும், மக்கள் வீட்டுக்குள் இருக்க வேண்டும். விமான நிலையமும் மூடப்படும். ஏழு நாள் லீவில் வந்தவருக்கு அதில் இரண்டு நாள் போனால் விடுமுறையில் மிஞ்சுவது என்ன? மழை வராத ஜனவரி நாட்களிலும் அங்கே புழுக்கம் கொழும்பின் ஏப்ரல் மாதத்தை நினைவூட்டும்.

அதே ஜனவரியில் ஹூவா ஹின் தன் ஆண்டின் மிக நல்ல முகத்தைக் காட்டும். பெரிய மழை ஒக்டோபரோடும் நவெம்பர் முற்பகுதியோடும் போய்விடும். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை விடியற்காலையில் 21, 22 பாகை, மதியம் 30. ஈரம் குறைந்த காற்று. கொழும்புக்காரர் உடம்புக்கு அது குளிர் என்றே தோன்றும். முதல் மூன்று குழிக்கு நான் மெல்லிய கையில்லாத கம்பளிச் சட்டை போட்டுக்கொள்வேன்.

இனி மைதானங்கள். ஹூவா ஹின்னில் முதல் நாள் ஆட வேண்டியது ரோயல் ஹூவா ஹின். அங்கே அதைவிடப் பெரிய, அதைவிடப் பணக்கார மைதானங்கள் நிறைய உண்டு. இருந்தாலும் ரிட்ஜ்வேயில் ஆடும் ஒருவர் அங்கே முதலில் போகத்தான் வேண்டும், காரணம் சொல்கிறேன். நம் ரோயல் கொழும்பு கோல்ப் கழகம் 1879-இல் காலிமுகத்திடலில் தொடங்கி 1896-இல் ரிட்ஜ்வேக்கு வந்தது. களனிவெளி புகையிரதப் பாதை நம் மைதானத்தின் ஊடாகவே ஓடுகிறது. வண்டி வரும் சத்தம் கேட்டால் கோலைத் தாழ்த்திக்கொண்டு நிற்பது நமக்குப் பழக்கம். ரோயல் ஹூவா ஹின் புகையிரதத்தாலேயே பிறந்த மைதானம். சியாம் புகையிரதத்தில் வேலை செய்த ரொபின்ஸ் என்ற ஸ்கொட்லாந்துப் பொறியியலாளர் வரைந்தது, 1924-இல் திறந்தது, தாய்லாந்தில் முறைப்படி அமைந்த முதல் கோல்ப் மைதானம். ஹூவா ஹின்னின் பழைய மரப் புகையிரத நிலையம், சிவப்பும் வெண்மஞ்சளுமாகத் தீட்டிய அந்த அழகான கட்டடம், தண்டவாளத்துக்கு ஒரு பக்கம், மைதானம் மறுபக்கம். 2023 கடைசியில் புதிய உயரப் பாலத்து நிலையம் திறந்த பிறகு வண்டிகள் மேலே போகின்றன, பழைய நிலையத்தை அப்படியே காத்து வைத்திருக்கிறார்கள்.

அந்த மைதானத்தில் நூறு வயது மரங்கள். பெயார்வே, அதாவது குழிக்குப் போகும் புல்வெளிப் பாதை, குறுகலாகத் தோன்றும், ஆனால் நேராக அடிப்பவரைத் தண்டிக்காது. குன்றின் பக்கம் ஏறினால் மரங்களுக்கு மேலால் கடல் தெரியும். தாய்லாந்து அரசர் பிரஜாதிபொக் இந்த ஊரில்தான் ‘கிளாய் கங்வொன்’ என்ற கோடை மாளிகையைக் கட்டினார். ‘கவலைக்குத் தூரம்’ என்று அந்தப் பெயருக்குப் பொருள். 1932 ஜூன் மாதம் பாங்கொக்கில் அவருடைய முழு அதிகாரத்தைப் பறித்த புரட்சி நடந்தபோது அவர் ஹூவா ஹின்னில் இருந்தார். கோல்ப் ஆடிக்கொண்டிருக்கும்போதுதான் செய்தி வந்தது என்று அங்குள்ளவர்கள் சொல்வார்கள்.

தாய்லாந்துக் கோல்பின் பெரிய செல்வம் கெடிதான், ஆட்டக்காரரோடு கூடவே வரும் உதவியாளர். அங்கே ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு கெடி கட்டாயம். அநேகமாக எல்லோரும் பெண்கள். முழுக்கைச் சட்டை, கழுத்தை மூடும் துணி, அகலத் தொப்பி, முகத்தில் கண் மட்டும் தெரியும். ஐந்தாம் குழி வரை உங்கள் அடியைப் பார்த்துக்கொண்டிருப்பார், அதற்குப் பிறகு நீங்கள் கேட்குமுன் சரியான ஐயன் கோல் கையில் வந்துவிடும். குழியைச் சுற்றியுள்ள கிரீனில் அவர் செய்வதைக் கவனியுங்கள். பந்தை எடுத்து ஈரத் துணியில் ஒரு திருப்புத் திருப்பித் துடைப்பார். குனிந்து, குழியைப் பார்த்து, நான்கு அடி பின்னால் போய் மறுபடியும் பார்ப்பார். பிறகு பந்தில் அச்சிட்ட கோடு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் சரியாக நிற்கும்படி விரல் நுனியால் மயிரிழை மயிரிழையாகத் திருப்பி வைப்பார். இரண்டு விரலைக் காட்டி வலது பக்கத்தைச் சுட்டுவார். பாஷை தேவையில்லை. அவர் வைத்த கோட்டை நம்பி அடித்த பந்துகள் எத்தனையோ விழுந்திருக்கின்றன. எனக்கே தெரியும் என்று நான் திருப்பி வைத்த பந்துகள் பல விளிம்பில் நின்றிருக்கின்றன. 24 ஹென்டிகெப் உள்ள உங்களுக்கு ஒரு நல்ல கெடி ஐந்து ஆறு அடியை மிச்சம் பிடித்துத் தருவார். ஆட்டம் முடிந்ததும் கையில் கொடுக்கும் அன்பளிப்பை மைதானக் கட்டணத்தோடு சேர்த்துக் கணக்குப் போட்டுவிடாதீர்கள். அது தனி. 400 பாட்டுக்குக் குறையாமல் கொடுங்கள். நன்றாகச் செய்தவருக்குக் கூடக் கொடுங்கள். வெயிலில் நான்கரை மணித்தியாலம் நடக்கும் அந்தப் பெண்களின் வருமானத்தில் பெரிய பகுதி அதுதான்.

இரண்டாவது ஆட்டத்துக்குச் சா-அம் பக்கம் உள்ள ஸ்பிரிங்பீல்டுக்குப் போங்கள். ஜேக் நிக்லஸ் வடிவமைத்தது, பங்கர் என்ற மணற்குழிகள் எங்கே இருக்கும் என்று யோசித்து ஆட வைக்கும். ஒரு நாள் ஓய்வு. பிறகு பிளெக் மவுன்டன். 2007-இல் திறந்த அந்த மைதானத்தில் 2015, 2016 ஆண்டுகளில் ஐரோப்பியச் சுற்று என்ற தொழில்முறைத் தொடரின் போட்டி நடந்தது. மைத்துனர் அதற்காகத்தான் வருகிறார் என்று நினைக்கிறேன், அவரை ஏமாற்றாதீர்கள். ஆனால் பின் டீயில், அதாவது மிகத் தூரத்துத் தொடக்க இடத்தில், நின்று அடிக்க வேண்டாம் என்று இருவருக்கும் சொல்கிறேன். மலைகளுக்கு நடுவே ஓடைகள் குறுக்கிடும் இடம் அது, தூரத்தை ஒரு படி குறைத்துக்கொண்டால் காலை இனிமையாகப் போகும். கடைசி நாளுக்குப் பென்யன். அன்னாசித் தோட்டங்கள் சூழ்ந்த மேட்டு நிலம், உயரத்திலிருந்து அடிக்கும் ஒரு பார் 3 (மூன்று அடியில் முடிக்க வேண்டிய) குழியில் நின்றால் தாய்லாந்து வளைகுடா முழுவதும் கண்ணுக்கு முன்னால். நாலு ஆட்டம் போதும். இடையில் வரும் அந்த ஓய்வுக் காலையை வீட்டாருக்குக் கொடுங்கள்.

இவை எல்லாம் ஊரிலிருந்து வண்டியில் ஏறத்தாழ அரை மணித்தியாலம் தூரத்துக்குள். ஏழு மணிக்குத் தொடங்கினால் பன்னிரண்டரைக்கு மனைவியோடும் அம்மாவோடும் மதியச் சாப்பாட்டுக்கு உட்காரலாம். ஆடாதவர்கள் கூட வரும் பயணத்தில் இதுதான் நிம்மதியைக் காப்பாற்றுவது. நான் பார்த்த கோல்ப் விடுமுறைச் சண்டைகளில் முக்கால்வாசி மதியம் இரண்டரைக்குத் திரும்பி வந்தவர்கள் வீட்டில் நடந்தவை. ஜனவரியில் ஐரோப்பியர்களும் கொரியர்களும் நிறைய வருவார்கள். ஆகவே காலை நேரங்களை இரண்டு மாதம் முன்பே பதிந்துவிடுங்கள், வார நாட்களிலேயே வையுங்கள். சனி, ஞாயிறில் கட்டணமும் கூட்டமும் கூடும்.

இன்னொரு நுணுக்கம். தாய்லாந்து நேரம் நமக்கு ஒன்றரை மணித்தியாலம் முந்தியது. மொரீஷியஸ் சரியாக அதே ஒன்றரை மணித்தியாலம் பிந்தியது. ஹூவா ஹின்னில் காலை ஆறு மணிக்கு எழும்பும்போது உங்கள் உடம்புக்கு அது கொழும்பின் நாலரை. மொரீஷியஸில் அதே ஆறு மணி உடம்புக்கு ஏழரை. தானாகவே கண் திறக்கும். காலை ஆட்டக்காரருக்கு இந்த ஒன்றில் மொரீஷியஸ் நல்ல இடம். ஹூவா ஹின்னில் முதல் ஆட்டத்தை எட்டு மணிக்கு வைத்துக்கொண்டு அடுத்த நாட்களில் முன்னுக்குக் கொண்டுவந்தால் சரியாகிவிடும்.

மொரீஷியஸைப் பற்றி இவ்வளவு நேரம் தடை மட்டும் சொல்லியிருக்கிறேன். அது நியாயமில்லை. அந்தத் தீவு ஒரு தமிழனுக்குச் செய்வதைத் தாய்லாந்து செய்யவே முடியாது.

முதல் தடவை அங்கே இறங்கி, பணம் மாற்றி, நோட்டைக் கையில் வாங்கியதும் நான் அப்படியே நின்றுவிட்டேன். இலங்கை நோட்டில் தமிழ் இருப்பது நமக்குப் புதிதல்ல. ஆனால் இந்து சமுத்திரத்தின் மறு கோடியில், பிரெஞ்சும் கிரியோலும் பேசும் ஊரில், நோட்டில் தமிழ் எழுத்து. அது சும்மா வந்ததும் அல்ல. 1998-இல் வெளியிட்ட புதிய நோட்டுகளில் தமிழுக்கு முன்னால் இந்தியை வைத்தார்கள். தமிழர் எதிர்த்துக் குரல் எழுப்பியதும் அந்த நோட்டுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அங்கே தமிழரின் வேர் ஒப்பந்தக் கூலிகளோடு தொடங்கியதல்ல; பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே புதுச்சேரியிலிருந்து போன கைவினைஞர்கள் உண்டு. 1834-இலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்த கூலிகள் இறங்கிய துறைமுகப் படிகள், அப்பிரவாசி காட், இன்று யுனெஸ்கோ பாரம்பரிய இடம். மலையகத்தில் உறவு உள்ள எவரும் அந்தப் படிகளில் சும்மா நடந்து போக முடியாது. அங்குள்ளவர்களில் தமிழ் சரளமாகப் பேசுபவர்கள் குறைவு. பெயரில் முத்துவும் வீராசாமியும் இருக்கும், வாயில் கிரியோல் வரும். ஆனால் தைப்பூசக் காவடி நாடு முழுவதற்கும் பொது விடுமுறை.

அம்மா மொரீஷியஸைக் கேட்பது இதற்காகத்தான் என்று ஊகிக்கிறேன். போர்ட் லூயிக்குப் பக்கத்தில் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோவில் இருக்கிறது, உள்ளூரார் கைலாசோன் என்பார்கள். வாழையிலையில் ஏழு கறி வைத்துப் பரிமாறும் விரதச் சாப்பாடு இருக்கிறது. தெருவில் விற்கும் பருப்பு ரொட்டி ‘தோல் பூரி’ சைவம். கடலைப் பருப்பை அரைத்து மிளகாய் சேர்த்துப் பொரித்த ‘கத்தோ பிமான்’ வாயில் போட்டால் நம் பருப்பு வடையேதான். சைவச் சாப்பாட்டுக்குத் தாய்லாந்தில் கொஞ்சம் பாடுபட வேண்டும். மரக்கறி என்று சொன்னாலும் அதில் மீன் சாறு விழுந்திருக்கும். ‘ஜே’ என்று கேட்கச் சொல்லுங்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தால் அந்தச் சொல்லை எழுதித் தொங்கவிட்ட கடைகளில் மீனும் இல்லை, முட்டையும் இல்லை, வெங்காயமும் உள்ளியும்கூட இல்லை. ஹொட்டல் அறையில் சின்ன அடுப்பு வசதி இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளவத்தையிலிருந்து ஒரு பொதி அரிசி மாவும் மிளகாய்ப் பொடியும் போனால் அம்மா சந்தோஷமாக இருப்பார். போகும்போதோ வரும்போதோ பாங்கொக்கில் ஓர் இரவு தங்கினால் சீலோம் வீதியின் மாரியம்மன் கோவிலுக்குக் கூட்டிப்போங்கள். தமிழர் கட்டிய கோவில், தாய்லாந்து மக்கள் செவ்வந்தி மாலையோடு வரிசையில் நிற்பதைப் பார்த்தால் அவருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

மொரீஷியஸின் மைதானங்கள் உண்மையிலேயே உலகத்தரம். 2015-இல் ஐரோப்பிய, ஆசிய, தென்னாபிரிக்கச் சுற்றுகள் மூன்றும் சேர்ந்து நடத்திய முதல் போட்டி ஹெரிட்டேஜ் மைதானத்தில்தான் நடந்தது. எர்னி எல்ஸ் வரைந்த அனாஹிதாவின் கடைசிக் குழி கடலோரமாகப் போய் முடியும். ல மோர்ன் மலையடியில் உள்ள பாரடி மைதானத்தில் ஆடும்போது அந்தப் பாறை மலை தலைக்கு மேல் நிற்கும். எல்லாவற்றிலும் பெயர் பெற்றது பெர்னார்ட் லாங்கர் வடிவமைத்த இல் ஒ செர்ப். தனித் தீவில் இருக்கிறது; கோல்ப் பையோடு படகில் போக வேண்டும். அந்தப் படகுப் பயணத்துக்காகவே ஒரு தடவை போகலாம். ஆனால் 24 ஹென்டிகெப்புக்கு அது கடினமான மைதானம் என்று வெளிப்படையாகச் சொல்கிறேன். குடாவுக்கும் கண்டல் செடிக்கும் மேலால் பந்தைத் தூக்கி அடித்து, குறுகிய புல்லில் நிறுத்த வேண்டும். நான் பதினான்கு பந்தோடு போய் மூன்றோடு திரும்பினேன். தெளிந்த தண்ணீரில், கையெட்டும் ஆழத்தில், என் பந்து வெள்ளையாகத் தெரிந்துகொண்டே கிடந்தது இன்னும் கண்ணில் இருக்கிறது.

அங்கே கெடி வழக்கமில்லை. மின் வண்டியில் நீங்களே போய் நீங்களே தூரம் பார்த்து ஆட வேண்டும். நல்ல மைதானங்கள் பல பெரிய ஹொட்டல்களோடு சேர்ந்தவை, விலை யூரோவில் பேசுவார்கள். சில ஹொட்டல்களில் தங்குபவருக்கு மைதானக் கட்டணம் அறை வாடகையிலேயே அடங்கும், அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு ஒப்பிட வேண்டும். அப்படிப் பார்த்தாலும் ஐந்து பேருக்கு மொத்தச் செலவு ஹூவா ஹின்னைவிட நன்றாகக் கூடும்.

காற்றையும் சொல்ல வேண்டும். ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் பாடசாலை விடுமுறையை நம்பி அங்கே போகிறவர்கள் தென்கிழக்குக் காற்றை மறந்துவிடுகிறார்கள். பெயர் பெற்ற மைதானங்கள் பல கிழக்குக் கரையில். காற்று நேரே அங்கேதான் அடிக்கும். அந்த மாதங்களில் போவதானால் மலைகளின் மறைவில் உள்ள மேற்குக் கரையில், டமரின் பக்கம் தங்குவது நல்லது. மே, ஜூன் முற்பகுதி, செப்டெம்பர் கடைசி, ஒக்டோபர் ஆகியவைதான் பொன்னான காலம்: மழை குறைவு, வெயில் இளசு, காற்றும் பொறுக்கும் அளவு. அந்த ஒக்டோபரில் ஹூவா ஹின்னுக்குப் போனால் தினமும் குடைதான். ஒரே ஊரை நல்லது கெட்டது என்று சொல்ல முடியாததற்கு இதுதான் காரணம். ஏப்ரல் புத்தாண்டு லீவில் போகலாமா என்று வேறு சிலர் கேட்பதுண்டு; அப்போது ஹூவா ஹின்னில் ஆண்டின் உச்ச வெப்பம், அதோடு 13 முதல் 15 வரை சொங்க்ரான் தண்ணீர்த் திருவிழா. தெருவில் வண்டி நகராது.

ஆகவே நான் உங்கள் இடத்தில் இருந்தால் செய்வது இது. ஜனவரியில் மைத்துனரோடு ஹூவா ஹின், நாலு ஆட்டம். அம்மாவிடம் இப்போதே மொரீஷியஸுக்கு நாள் குறித்துக் கொடுத்துவிடுவேன், அடுத்த மே மாதம், பத்து நாள், அதில் இரண்டே இரண்டு காலை கோல்ப், மற்றதெல்லாம் அவர் சொல்லும் கோவிலும் கடற்கரையும். காவடியைப் பார்க்கவே வேண்டும் என்று அவர் நின்றால் அது வேறு பயணம். கோல்ப் பையை வீட்டில் வைத்துவிட்டு, தைப்பூசத்துக்கு ஒரு மகனாக அவரைக் கூட்டிப்போங்கள். மழை வந்தாலும் காவடி நிற்காது, உங்களுக்கும் இழப்பில்லை. இரண்டையும் ஒரே ஏழு நாளுக்குள் திணித்தால் அம்மாவுக்கும் பாதி, கோல்புக்கும் பாதி.

வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஜனவரியிலேயே மொரீஷியஸ் என்று தீர்மானித்துவிட்டால், திகதி மாற்றக்கூடிய டிக்கெட்டும், பணம் திருப்பித் தரும் அறையும், சூறாவளியால் வரும் தாமதத்தை ஏற்கும் காப்புறுதியும் எடுத்துக்கொண்டு போங்கள். மூன்றும் இல்லாமல் போகாதீர்கள்.

பயண ஏற்பாட்டில் சில. இலங்கைக் கடவுச்சீட்டுக்கும் கனடாக் கடவுச்சீட்டுக்கும் வீசா விதி ஒன்றல்ல, அவை மாறிக்கொண்டும் இருக்கும். டிக்கெட் வாங்குமுன் தூதரகத்தில் கேளுங்கள். தாய்லாந்துக்கு 2025 மே முதல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், இறங்குவதற்கு முந்திய மூன்று நாளுக்குள். ஐந்து பேருக்கும் தனித்தனியாக. மூன்று நாட்டிலும் வாகனம் இடது பக்கம்தான் ஓடுகிறது, என்றாலும் தாய்லாந்தில் நீங்கள் ஓட்டாமல் சாரதியோடு வான் எடுங்கள்.

கோல்ப் பையைப் பொதி செய்வதில் அலட்சியம் வேண்டாம். ஒரு பயணத்தில் என் டிரைவரின் (பையிலுள்ள மிக நீளமான கோல்) கழுத்து முறிந்தே வந்தது. விமான நிறுவனம் ஒரு படிவத்தைத் தந்ததோடு சரி. அதற்குப் பிறகு நான் செய்வது: டிரைவரைவிட மூன்று விரல் உயரமான உறுதியான தடி ஒன்றைக் கோல்களுக்கு நடுவே நிறுத்துவேன். பை தலைகீழாக விழுந்தாலும் அடி தடியில்தான் படும். டிரைவரின் தலை கழற்றக்கூடியதென்றால் கழற்றிக் காலுறைக்குள் போட்டுக் கைப்பையில் வைப்பேன். ஐயன்களின் தலையைச் சேர்த்து ஒரு பெரிய துவாயால் இறுக்கிக் கட்டுவேன். சப்பாத்தும் கையுறையும் ஒரு நாள் உடுப்பும் கையோடு வர வேண்டும், பை ஒரு நாள் பிந்தினாலும் முதல் காலையை இழக்காமல் வாடகைக் கோலில் ஆடிவிடலாம். பையின் எடையை டிக்கெட்டோடு சேர்த்தே பதிந்துவிடுங்கள். கட்டுநாயக்கவில் கடைசி நேரத்தில் கட்டும் தொகை அதிகம்.

மைத்துனர் கொழும்புக்கு வந்ததும் ஒரு காலை ரிட்ஜ்வேயில் அவரோடு ஆடிப் பாருங்கள். கனடாவின் குளிர்காலத்திலிருந்து வருகிறவருக்கு கை பழகவும், நம் வெயில் உடம்பில் இறங்கவும் ஒரு ஆட்டம் தேவை. களனிவெளி வண்டி போகும் வரை அவரையும் நிற்க வையுங்கள். அடுத்த வாரம் ரோயல் ஹூவா ஹின்னில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நிற்கும்போது அவருக்கே விளங்கும்.